நிழல் நோவு

பயிற்சி முடித்து வேலைக்குப் போகிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நின்று பேசினால் எனக்குப் பேச்சு எங்கேயோ போய்விடும், எங்கே ஆரம்பித்தேன் என்பதே மறந்துவிடும். அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கொட்டாவி வந்தால் தாராளமாக விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். தூங்கினால் மட்டும் எழுப்புவேன்.

ஊசி போடுவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இப்போது ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அனுப்பினால் வைட்டமின் டி எவ்வளவு என்று எண் வந்துவிடுகிறது. எண் குறைந்தால் மாத்திரை. இதில் வேடிக்கை, உங்களிலேயே சிலருக்கு எண் குறைவாம். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, முழங்கைவரை உறை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் வந்து ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறீர்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே போகிறீர்கள். வெயில் கொளுத்துகிற ஊரில் இருந்துகொண்டு வெயில் படாமல் வாழ எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

நான் சொல்லப்போவது ஐம்பதுகளில் போடிநாயக்கனூரில் நடந்தது. அங்கே ஒரு சின்ன அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துவிட்டு வருவதும் என் வேலைதான். ஆஸ்பத்திரியை நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. மலையாளக் கரையிலிருந்து வந்தவர். என் வயதுதான் இருக்கும், கோபம் மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு. கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும். ஆனால் தமிழோடு அவருக்குத் தீராத தகராறு. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதாக நினைத்து "பனி உண்டோ?" என்பார். அவர்கள் ஊரில் காய்ச்சலுக்குப் பெயர் பனி. நோயாளி யோசித்துவிட்டு, "மார்கழியில நெறைய உண்டும்மா" என்று பதில் சொல்லுவாள். நான் பக்கத்தில் இருந்தால் சரிசெய்வேன். டாக்டரம்மா கைக்குழந்தைக்காரி. எட்டு மாதப் பெண் குழந்தை பின்னறையில் தூளியில் கிடக்கும். அழுதால் கையில் வேலை இல்லாத யாராவது ஓடிப்போய் ஆட்டுவோம்.

போடியில் அப்போது பெண்பிள்ளைகளுக்கு எல்லோரும் ஆசைப்பட்ட வேலை ஒன்று இருந்தது. மலையிலிருந்து வருகிற ஏலக்காயை வியாபாரிகளின் கிடங்கில், அங்கே கிட்டங்கி என்பார்கள், உட்கார்ந்து ரகம் பிரிப்பது. அதற்கு "நெழல் சோலி" என்று பெயர். காட்டில் களை எடுக்க வேண்டாம், மலையேறிக் காய் பறிக்க வேண்டாம், அட்டை கடிக்காது. குளித்துப் பூ வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, சுளகில், அதாவது முறத்தில், காயைப் பரப்பி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரித்துப் போட வேண்டும். ஏலக்காய்க்கு நிறம்தான் மதிப்பு. வெயில் பட்டால் பச்சை போய்விடும். அதனால் கிட்டங்கியின் சன்னல்களில் எல்லாம் சாக்குத் தொங்கும். வடக்குப் பக்கத்துச் சன்னல் ஒன்றுக்கு மட்டும் கண்ணாடி போட்டிருப்பார்கள், அந்த வெளிச்சத்தில்தான் வேலை.

பாவாடை கட்டுகிற வயதில் உள்ளே போகிறவள் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, மறுபடி அதே சுளகுக்குத் திரும்புவாள். வெயில் ஏறுமுன் உள்ளே, வெயில் இறங்கிய பின் வெளியே. அந்தப் பெண்கள் எல்லாம் நல்ல நிறமாக இருப்பார்கள். பெண் தேடுகிறவர்கள் கிட்டங்கிப் பெண்ணா என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். அங்கே ஒரு மேஸ்திரி இருந்தார், வாய்த்துடுக்கு அதிகம். "காய வெயில்ல போட்டா வெளுத்துப்போகும், புள்ளைய வெயில்ல விட்டா கறுத்துப்போகும். ரெண்டுக்கும் வெலை எறங்கிரும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

பேச்சியம்மாள் அந்தக் கிட்டங்கியில் வளர்ந்தவள். தகப்பன் இல்லை. தாய் வீரம்மா பொட்டிபுரம் பக்கத்துக் காடுகளில் கூலிக்குக் களையெடுத்து மகளை ஆளாக்கினாள். தான் வெயிலில் கருகியதுபோல மகள் கருகக் கூடாது என்பது அவளுடைய பிடிவாதம். யார் யாரையோ கெஞ்சி மகளுக்கு நிழல் சோலி வாங்கிக்கொடுத்தாள். நல்ல இடத்தில் கல்யாணமும் ஆயிற்று. முதல் பிரசவம் வீட்டில். குழந்தை வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டு, செத்தே பிறந்தது. பேச்சி பிழைத்ததே பெரிய காரியம். எதனால் என்று யாரும் கேட்கவில்லை, தலையெழுத்து என்று விட்டுவிட்டார்கள்.

மறுபடி உண்டாகி ஐந்தாவது மாதத்தில்தான் வீரம்மா மகளை எங்களிடம் கூட்டிவந்தாள். அன்றைக்கு நான் வீடு பார்க்கப் போயிருந்தேன். நடந்ததை டாக்டரம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேச்சிக்கு இடுப்பில் ஓயாத வலி. வாசற்படி ஏற முடியவில்லை. உட்கார்ந்தால் தொடையில் கையூன்றித்தான் எழுந்திருக்கிறாள். நடந்தால் வாத்துப்போல இரண்டு பக்கமும் சாய்கிறாள். வீட்டில் வாயு என்று சொல்லிப் பூண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா அவள் கணைக்கால் எலும்பைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தியதும் பேச்சி அலறிவிட்டாளாம்.

நோய் என்ன என்பது டாக்டரம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. வெயிலே படாத உடம்பில் எலும்பு இறுகாது. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பெலும்பு நசுங்கிக் குழந்தை வருகிற வழி குறுகிவிட்டது. முதல் குழந்தை செத்தது அதனால்தான். இந்தக் குழந்தையும் அந்த வழியாக வர முடியாது, தாயையும் கொண்டுபோய்விடும். நேரம் வரும்போது மதுரைக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை எலும்புக்கு வலுச் சேர்க்க மீன் எண்ணெய், பால், முட்டை, வெயில். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா வாயைத் திறந்து சொன்னது இரண்டே வாக்கியம். "இவளுக்கு எலும்பு உருகிப்போச்சு. தெனமும் வெயில் காயணும்." ஒரு பாட்டில் மீன் எண்ணெயைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் நான் திரும்பி வரும்போது தெருமுனையில் பூக்கட்டுகிற அம்மாள் என்னை நிறுத்தினாள். "நர்ஸம்மா, பேச்சிக்கு எலும்புருக்கியாமே?"

உங்களில் சிலருக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். காசநோய்க்கு அன்றைக்கு ஊரில் அதுதான் பெயர். அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லக்கூட மாட்டார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். எலும்பு உருகிப்போச்சு என்று டாக்டரே சொன்ன பிறகு யாருக்கு என்ன சந்தேகம் வரும்? அதோடு மீன் எண்ணெய், வெயில். காசநோய்க்காரர்களுக்கு அந்தக் காலத்தில் கொடுத்ததும் இதேதான். எல்லாம் பொருந்திவிட்டது.

நான் போவதற்குள் காரியம் முடிந்திருந்தது. கிட்டங்கியில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் வீட்டில் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்துக் கொல்லையில் வைத்தார்கள். புருஷன் நல்லவன்தான், அம்மா பேசும்போது மட்டும் அவனுக்கு வாய் வராது. வீரம்மா வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை. மீன் எண்ணெய்ப் பாட்டில் சாக்கடையில் உடைந்து கிடந்தது. இதைவிட மோசம், கிட்டங்கிப் பெண்கள் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை என்று ஆகிவிட்டது. இடுப்பு வலிக்கிறவளெல்லாம் வலியை மறைக்கத் தொடங்கினாள்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அவளிடம் என்ன சொன்னீர்கள்?"

"உள்ளதைத்தானே பறஞ்சது? எல்லு உருகிப்போயி. அதில் என்ன தப்பு?"

நான் விளக்கினேன். முதலில் சிரித்தார், நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு முகம் மாறியது. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவள் வரவில்லையென்றால் சாவாள். இந்தத் தடவை நிச்சயம் சாவாள்" என்று இரண்டு முறை சொன்னார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். இப்படி ஒன்று நடந்தால் உங்களுக்கு முதலில் தோன்றுவது மறுத்துப் பேச வேண்டும் என்பதுதான். டாக்டரம்மாவுக்கும் அதுதான் தோன்றியது. வீடு வீடாகப் போய் அது காசநோய் இல்லை என்று சொல்லலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியே வந்து இல்லை இல்லை என்றால் ஊர் என்ன நினைக்கும்? மறைக்கிறார்கள் என்று நினைக்கும். சளியை எடுத்துச் சோதித்து முடிவைக் காட்டலாம் என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். சளியைச் சோதித்தார்கள் என்பதே ஊருக்குப் போதுமான சாட்சி, முடிவைக் கேட்க யாரும் நிற்க மாட்டார்கள். "பின்னே என்ன செய்ய?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன்.

பேச்சி இருக்கும் இடத்தை அவள் புருஷன்தான் வந்து சொன்னான். ஆஸ்பத்திரிப் பின்வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, அவ குரங்கணிக்கு மேல, அவுக மாமா குடிசையில இருக்கா. நான் சொன்னேன்னு எங்கம்மாகிட்ட சொல்லீராதீக" என்றான். மாமா ஏலத்தோட்டத்துக் காவல்காரர், சுமைக் கழுதையில் ஏற்றி அவளை மேலே கொண்டுபோயிருந்தார். ஏலச்செடி நிழலில்தான் வளரும். பெரிய மரங்கள் கூரைபோல மூடியிருக்கும் இடத்தில், மேகம் இறங்கி நிற்கிற சரிவில் குடிசை. வெயில் இல்லாமல் நோயில் விழுந்தவளை ஒளித்து வைக்க அவ்வளவு மலையிலும் அந்த இடம்தான் கிடைத்திருக்கிறது. அங்கே வலி கண்டால் தூக்கிக்கொண்டு இறங்கவும் வழியில்லை.

போவதென்று முடிவாயிற்று. மருந்துப் பாட்டில் வேண்டாம், வெள்ளைச் சேலை வேண்டாம் என்று நான் சொன்னேன். டாக்டரம்மா சரி என்றார். பிறகு பின்னறைக்குப் போய்த் தூளியிலிருந்து குழந்தையை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"குழந்தை எதற்கு? மேலே குளிர், பாதை வழுக்கும்."

"மோள் வரட்டும்" என்றார், அவ்வளவுதான். என்ன நினைக்கிறார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. புரிந்ததும் பயமாக இருந்தது. "உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டேன். இருமல் இல்லை, பனி இல்லை, மார்பை நானே கேட்டேன் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "துளி சம்சயம் இருந்தால் பெத்தவள் கொண்டுபோவாளா?" என்றார்.

குரங்கணிவரை லோடு ஏற்றப் போன ஜீப்பில் போனோம். அதற்கு மேல் நடை. நான் குழந்தையைக் கேட்டேன், அவர் கொடுக்கவில்லை. தோட்டத்துக்குள் நுழைந்தபோது நல்ல பகல். ஆனால் மழைக்கால மாலைபோல மங்கலாக இருந்தது. குடிசை வாசலில் வீரம்மா நின்றாள். கறுத்து, ஒல்லியாக, முதுகு வளையாமல், தலையில் விறகுக் கட்டு. எங்களைக் கண்டதும் கட்டைத் தொப்பென்று போட்டாள்.

"எதுக்கு வந்தீக? எம்மகளுக்கு ஒண்ணுமில்ல. வந்த வழியே எறங்கிப் போங்க."

"ஆத்தா, ஒரு நிமிசம்..."

"ஒரு வார்த்தை சொல்லி எம்புள்ளைய வீட்டவிட்டு வெரட்டுனீக. இன்னும் என்ன சொல்லப்போறீக?"

டாக்டரம்மா அவளைத் தாண்டிக் குடிசைக்குள் போனார். பேச்சி கம்பளிக்குள் சுருண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்து முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். டாக்டரம்மா குழந்தையின் சுற்றுத்துணியை அவிழ்த்து, அதைத் தூக்கிப் பேச்சியின் மடியில் வைத்தார்.

பேச்சி இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டாள். "அய்யோ வேணாம்மா, பச்சப்புள்ள! எடுத்துருங்க, எனக்கு நோவு!"

டாக்டரம்மா அவள் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கி, குழந்தையைச் சுற்றி வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். குழந்தை பேச்சியின் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. பேச்சி மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கைகள் குழந்தையை இறுக்கிப் பிடித்தன. அவள் விம்மி அழுததைப் பார்த்து எனக்கும் கண் நிறைந்துவிட்டது. தன் குழந்தை செத்துப் பிறந்த பிறகு அந்தக் கை ஒரு குழந்தையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

வாசலில் நின்ற வீரம்மா மெதுவாக உள்ளே வந்தாள். "பெத்தவ எவளும் அந்த நோவுக்காரி மடியில புள்ளையக் குடுக்க மாட்டா" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப இது அது இல்லையா தாயி?"

"இல்ல ஆத்தா."

"பெறகு என்ன நோவு? பேரச் சொல்லுங்க. பேரு வெளங்காமத்தான இம்புட்டும் வந்துச்சு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலத்தில் பெயர் தெரியும், அதை அங்கே வைத்துக்கொண்டு என்ன செய்வது? எலும்பு என்ற சொல்லை வாயிலேயே எடுக்கக் கூடாது. பயப்படுத்தவும் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் எனக்கு வந்தது ஒன்றுதான்.

"இது நெழல் நோவு ஆத்தா."

"நெழல்ல ஒக்காந்தா நோவு வருமா? யாராச்சும் கேட்டாச் சிரிக்க மாட்டாக?"

"நீ இம்புட்டு வருசமாக் காட்டுல வெயில்ல கெடந்தியே, இடுப்பு வலிச்சு எந்திரிக்க முடியாமப் போயிருக்கா? இப்பக்கூட விறகச் சொமந்துக்கிட்டு மலை ஏறுற. ஒம்மக வாசப்படி ஏற மாட்டேங்குறா. ஒடம்புல வெயில் பட்டாத்தான் உள்ள கட்டுமானம் இறுகும். அவளுக்கு வெயிலே படல."

வீரம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து முகத்தில் அடித்துக்கொண்டாள். "நாந்தான ஒக்கார வச்சேன். கால்ல விழுந்து வாங்கி, கூட்டிட்டுப் போயி ஒக்கார வச்சது நாந்தான." ஊரில் எல்லாத் தாயும் செய்ய ஆசைப்பட்டதைத்தான் அவளும் செய்தாள்.

பேச்சிதான் பேசினாள். "அழாத ஆத்தா. நானும் ஆசைப்பட்டுத்தான போனேன்." கீழே வந்து வெயில் காய வேண்டும், மதுரையில் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்பதையும் நான் எடுத்துச் சொன்னதும் என்னிடம் திரும்பினாள். "அக்கா, நான் எறங்கி வர்றேன். மதுரைக்கும் வர்றேன். ஆனா வெயில் காயச் சொல்லாதீக. அது மட்டும் என்னால ஆகாது."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவர் கையை அழுத்தினேன். ஏன் ஆகாது என்று பேச்சியிடம் கேட்டேன்.

"வெயில் காய்றவன்னா என்ன பேருக்கா? எங்க வீட்டுலயும் கிட்டங்கியிலயும் சோம்பேறிய அப்படித்தான சொல்லுவாக? மாமியா வீட்டு வாசல்ல சும்மா ஒக்காந்து வெயில் காஞ்சா என்னைய வச்சிருப்பாகளா? வெயில்ல சோலி குடுங்க, நாளெல்லாம் செய்றேன்."

உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததில் முக்கால்வாசி இதில் இருக்கிறது. நோயாளி மாட்டேன் என்றால் உடனே கோபப்படாதீர்கள். எதை மாட்டேன் என்கிறாள் என்று கேளுங்கள். பேச்சி வெயிலை மறுக்கவில்லை. சும்மா உட்காருவதைத்தான் மறுத்தாள். டாக்டரம்மா சொன்ன இரண்டு வாக்கியமும் மருத்துவப்படி சரி. முதலாவது அவளை வீட்டைவிட்டுத் துரத்தியது, இரண்டாவது அவளைச் சோம்பேறி ஆக்கியது.

மாமாவின் கழுதையிலேயே அவளைக் கீழே கொண்டுவந்தோம். அது காசநோய் இல்லை, அவளுக்கு வெயிலில் ஒரு சோலி கொடுங்கள் என்று கேட்க நான் கிட்டங்கி முதலாளியைப் பார்க்கப் போனேன். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "நீங்க சொன்னா நம்புறேன்மா. ஆனா அவ வந்தா மத்த பொம்பளைக பயந்துக்கிட்டு வர மாட்டாக. நான் யாவாரம் பாக்கணுமில்ல?" என்றார்.

நான் வாதாடவில்லை. சாப்பாட்டு நேரமாக இருந்தது. "முதலாளி, இப்போது சாப்பிட எழுந்திரிப்பார்கள். எப்படி எழுந்திரிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்" என்றேன்.

மேஸ்திரி மணியை அடித்தார். பெண்கள் சுளகை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒருத்தி சுவரைப் பிடித்தாள். ஒருத்தி தூணைப் பிடித்தாள். இருவர் ஒருவர் தோளில் ஒருவர் கையூன்றி, சிரித்துக்கொண்டே, இரண்டாவது முயற்சியில் எழுந்தார்கள். ஓர் இளம்பெண், அவளுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை, தொடையில் கையை மாற்றி மாற்றி வைத்துத் தன்னைத்தானே மேலே ஏற்றிக்கொண்டாள். எத்தனையோ வருடமாகத் தினமும் அவர் கண்ணெதிரே நடந்த காரியம்தான். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார்.

"இவுகளுக்கெல்லாமா?" என்றார் மெதுவாக.

"எல்லாருக்கும் இல்லை. ஆனால் இங்கிருந்துதான் வருகிறது."

"காய்க்கு வெயில் ஆகாதேம்மா."

"காய்க்கு ஆகாது, ஆளுக்கு ஆகும். காயை உள்ளே வையுங்கள், ஆளைக் கொஞ்சம் வெளியே விடுங்கள்."

காய் நிரப்புகிற சாக்குகளை மொட்டை மாடியில் காயப்போட்டு, கிழிசலைக் கோணி ஊசியால் தைப்பது லோடு தூக்குகிறவர்கள் வேலை. அதைப் பேச்சிக்குக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டை எல்லோரும் மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு, சாக்கைத் திருப்பிப் போட்டுவிட்டு இறங்க வேண்டும் என்றும் சொன்னார். சாக்குத் திருப்புவது சாக்கு மட்டும்தான், ஆனால் சோலி என்று பெயர் இருந்ததால் ஏறினார்கள்.

ஊர் திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கறுத்துவிடுவோம் என்று சிலர் முக்காடு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். இரண்டு தாய்மார் பெண்களை வேறு கிட்டங்கிக்கு மாற்றிவிட்டார்கள். நாங்கள் கொடுத்த மீன் எண்ணெயைக் குடிக்காமல் முழங்காலில் தேய்த்துக்கொண்டு, நாற்றம்தான் அடிக்கிறது, வலி போகவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தவளும் உண்டு. ஆனால் அந்தப் பெயர் மட்டும் தெருத் தெருவாகப் போயிற்று. எலும்புருக்கி என்றால் ஓடி ஒளிந்தவர்கள், "அக்கா, எனக்கும் நெழல் நோவு இருக்குதான்னு பாருங்க" என்று தாங்களாகவே வந்தார்கள். அந்தப் பெயருக்குள்ளேயே மருந்தும் இருந்தது. பாடம் நடத்த வேண்டிய வேலை எனக்குக் குறைந்துபோயிற்று.

பேச்சிக்கு மாதம் நெருங்கும்போது இடுப்பு வலி குறைந்திருந்தது. படி ஏறினாள். ஆனால் நசுங்கிய எலும்பு நிமிராது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். வலி வருமுன்பே ரயிலில் மதுரைக்குக் கூட்டிப்போனோம். அவளை உள்ளே கொண்டுபோனபோது வீரம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில், நிழலில் கிடந்த பெஞ்சை விட்டுவிட்டு, வெயில் விழுகிற படியில் போய் உட்கார்ந்தாள். உள்ளே வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. அது என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை. அழுகைச் சத்தம் வெளியே கேட்டதும் எழுந்து, "எம்மக?" என்றாள். இருவரும் நலம் என்று சொன்ன பிறகுதான் என்ன குழந்தை என்று கேட்டாள். பெண் குழந்தை.

டாக்டரம்மா பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். கடைசிவரை அவருக்குத் தமிழ் வரவில்லை. வார்த்தையால் கெட்டதை ஒரு வார்த்தையும் பேசாமல் சரிசெய்த ஆளை நான் அவருக்குப் பிறகு பார்க்கவில்லை. பேச்சியின் நடையில் லேசான சாய்வு கடைசிவரை இருந்தது. வந்தபின் பார்ப்பது அப்படித்தான் இருக்கும், முழுதாக நேராகாது. அதனால்தான் வருமுன் பார்க்கச் சொல்கிறேன்.

சில மாதம் கழித்து ஒரு முற்பகலில் கிட்டங்கிக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் பேச்சி காலை நீட்டி உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விரித்த சாக்கின்மேல் குழந்தை, உடம்பில் துணி இல்லாமல், காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. பேச்சி நூலைக் கடித்து அறுத்துவிட்டு, ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு, குழந்தையைக் குப்புறத் திருப்பிப் போட்டு அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே முற்றத்திலிருந்து மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். பழைய வாய் சும்மா இருக்குமா?

"என்ன பேச்சி, வெயில் காய்றியா?"

சாக்குத் திருப்ப ஏறியிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். பேச்சி கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றாள்.

"ஆமாண்ணே. நானும் எம்மகளும் வெயில் காய்றோம். எங்களுக்கு இதான் சோலி."